நெய்வேலிக்காரர்களே, பல்லுக்கு ஹெல்மெட் போட்டாச்சா? கிரவுண்ட் முதல் தூக்கம் வரை ஒரு மவுத் கார்டு வழிகாட்டி

நெய்வேலியில் ஒரு விஷயத்தை யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சுரங்கத்துக்குள் போகணும்னா ஹெல்மெட் வேணும், சேஃப்டி ஷூ வேணும். ‘இன்னைக்கு ஒருநாள்தானே, பரவாயில்ல’ன்னு யாரும் வெறுந்தலையோடு உள்ளே போக முடியாது. அப்பாவோ, அம்மாவோ, மாமாவோ அப்படி வேலைக்குப் போவதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் இந்த ஊரில் ஏராளம்.

ஆனால், அதே வீட்டுப் பிள்ளை சாயங்காலம் கிரவுண்டுக்குப் போகும்போது? கபடியில் எதிராளியின் முழங்கை, கூடைப்பந்தில் ரீபவுண்டுக்குத் தாவுபவரின் தலை, ஹாக்கியில் எகிறும் பந்து... எல்லாம் வாய்க்கு நேராகத்தான் வருகின்றன. அங்கே மட்டும் ‘அட, பல்லுதானே’ன்னு விட்டுவிடுகிறோம்.

இன்னொரு பக்கம், நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிறவர்கள். ‘தூக்கத்துல நறநறன்னு பல்லைக் கடிக்கிறீங்க’ என்று வீட்டில் சொன்னால், சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். கிரவுண்டில் பல் ஒரே நொடியில் போகும். தூக்கத்தில் பத்து வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். வித்தியாசம் அவ்வளவுதான்.

இரண்டுக்கும் காவல் ஒன்று இருக்கிறது. அதுதான் மவுத் கார்டு. எது யாருக்கு, எப்படித் தேர்ந்தெடுப்பது, பல் விழுந்துவிட்டால் முதல் சில நிமிடங்களில் என்ன செய்வது... வரிசையாகப் பார்ப்போம்.

பக்கெட் வீல் பல்லுக்கு ஸ்பேர் உண்டு, நம் பல்லுக்கு?

நெய்வேலி சுரங்கத்தின் பிரமாண்டமான பக்கெட் வீல் இயந்திரங்களைப் பார்த்திருப்பீர்கள். சுற்றும் சக்கரத்தில் வாளிகள், வாளியின் விளிம்பில் இரும்புப் பற்கள். நிலக்கரிக்கு மேலே கிடக்கும் கடலூர் மணற்கல் பாறை கடினமானது என்பதால், அந்தப் பற்கள் தேய்வது இங்கே எப்போதுமே ஒரு தலைவலி. தேய்ந்த பல்லைக் கழற்றிவிட்டு வேறு பல் மாட்டினால், இயந்திரம் மறுபடியும் ஓடும்.

நம் பல்லின் மேல் இருக்கும் எனாமல், உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். எலும்பைவிடவும் கடினம். ஆனால், அதில் உயிருள்ள செல்கள் இல்லை. எலும்பு உடைந்தால் கூடும், தோல் கிழிந்தால் மூடும். எனாமல் ஒருமுறை தேய்ந்தாலோ சிதறினாலோ தானாகத் திரும்ப வளராது. பல் மருத்துவர் அதன்மேல் வேறு பொருளை வைத்துக் கட்டலாம், உறை போடலாம். ஆனால், பழைய எனாமல் வராது.

பதின்பருவத்தினருக்கு இதில் இன்னொரு சிக்கல். ‘பல் போனா என்ன, இம்ப்ளான்ட் வச்சுக்கலாமே’ன்னு எளிதாகச் சொல்கிறோம். தாடை எலும்பு வளர்ந்து முடியும் வரை இம்ப்ளான்ட் வைக்க மாட்டார்கள். சுற்றியுள்ள பற்கள் வளர்ச்சியோடு நகரும், இம்ப்ளான்ட் நகராது. அதனால், 13 வயதில் முன்பல்லை இழந்த ஒரு பிள்ளை, பதின்பருவம் முடியும் வரை கழற்றி மாட்டும் பல்லோடோ, தற்காலிகமாக ஒட்டிய பல்லோடோதான் ஓட்ட வேண்டும். ஸ்கூல் போட்டோ, மேடைப் பேச்சு, முதல் இன்டர்வியூ... எல்லாம் அந்த வருஷங்களில்தான் வரும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், மவுத் கார்டின் விலை ஒரு விலையே இல்லை.

ரிங்கில் பிறந்த பொருள்

மவுத் கார்டின் கதை குத்துச்சண்டையில் தொடங்குகிறது. 1890-ல் உல்ஃப் க்ராஸ் என்ற லண்டன் பல் மருத்துவர், வீரர்களின் உதடு கிழியாமல் இருக்க, மேல்பற்களின் மேல் ‘குட்டா பெர்ச்சா’ பட்டைகளை வைத்துப் பார்த்தார். குட்டா பெர்ச்சா என்பது தென்கிழக்கு ஆசிய மரம் ஒன்றின் பாலிலிருந்து வரும், ரப்பர் போன்ற பொருள். இன்றைக்கும் நமக்கு ரூட் கேனால் செய்யும்போது, பல்லின் வேருக்குள் நிரப்புவது பெரும்பாலும் இதைத்தான். பின்னர் அவருடைய மகன் ஃபிலிப் க்ராஸ், திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய கார்டை உருவாக்கினார்.

1927-ல் ஜாக் ஷார்க்கி - மைக் மெக்டீக் குத்துச்சண்டை நடந்தது. மெக்டீக் நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தார். ஆனால், சிதறிய பல் ஒன்று அவர் உதட்டையே கிழித்துவிட, ஆட்டத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. எதிராளியின் கையைவிட, தன் பல்லே தனக்கு எதிரியான கதை இது. அதன்பிறகு குத்துச்சண்டையில் மவுத் கார்டு பரவலானது. இன்று குத்துச்சண்டை, டேக்வாண்டோ, கராத்தே சர்வதேசப் போட்டிகளில் இது கட்டாயம்.

இப்போது இந்தச் சின்னப் பொருளுக்குள் சென்சாரே வந்துவிட்டது. தலையில் விழும் அதிர்வை அளந்து சொல்லும் ‘ஸ்மார்ட்’ மவுத் கார்டுகளை, 2024 ஜனவரி முதல் உயர்நிலை ரக்பி போட்டிகளில், வீரரை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பலாமா என்று முடிவெடுக்கப் பயன்படுத்துகிறார்கள்.

கிரவுண்டில் இது என்ன செய்கிறது?

ஓர் அடி நேராக முன்பல்லில் விழுந்தால், அத்தனை விசையும் அந்த ஒன்றிரண்டு பற்களின் மேலேயே இறங்கும். கார்டு இருந்தால் அந்த விசையின் ஒரு பகுதியை அது உறிஞ்சிக்கொள்ளும். மீதியைப் பல வரிசைக்கும் பகிர்ந்து கொடுக்கும். தாடையில் கீழிருந்து அடி விழும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ‘டக்’கென மோதிக்கொள்ளாமல் நடுவில் மெத்தையாக நிற்கும். கன்னமும் உதடும் நாக்கும் பல்லில் சிக்கிக் கிழியாமல் காக்கும்.

‘இதெல்லாம் நிஜமாவே வேலை செய்யுதா?’ என்றால், செய்கிறது. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசி 2007-ல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையின்படி, விளையாட்டின்போது கார்டு போடாதவர்களுக்கு வாய், முகக் காயம் ஏற்படும் அபாயம், போட்டவர்களைவிட 1.6 முதல் 1.9 மடங்கு அதிகம்.

அதே நேரம், ‘மவுத் கார்டு போட்டா தலைக்கு அடிபட்டாலும் மூளை அதிர்ச்சி வராது’ என்று சில விளம்பரங்கள் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பல்லுக்கு கார்டு, தலைக்கு ஹெல்மெட். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

அதிகம் அடிபடுவது மேல்வரிசையின் நடு முன்பற்கள். அவை கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். ‘எத்துப்பல்’ என்று கேலி செய்வதை விட்டுவிட்டு, அந்தப் பிள்ளைக்கு முதலில் ஒரு கார்டு வாங்கிக் கொடுங்கள்.

எந்த விளையாட்டுக்கெல்லாம்? குத்துச்சண்டை, கராத்தே, டேக்வாண்டோ, ஹாக்கி, கபடி, கூடைப்பந்து, கால்பந்து, மல்யுத்தம் என ஆள்மேல் ஆள் மோதும் எல்லா ஆட்டங்களுக்கும். ஸ்கேட்டிங், சைக்கிள் சாகசம் பழகுகிறவர்களுக்கும் நல்லது. கிரிக்கெட்டில் முதல் காவல் கிரில் வைத்த ஹெல்மெட்தான். 2002-ல் ஆன்டிகுவா டெஸ்ட்டில் பவுன்சர் பட்டுத் தாடை உடைந்த அனில் கும்ப்ளே, முகத்தைச் சுற்றிக் கட்டுப்போட்டுக்கொண்டு வந்து பந்துவீசி, லாராவை அவுட்டாக்கியதை இன்றும் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால், நம் வீட்டுப் பிள்ளைக்கு அப்படியொரு வீரக்கதை தேவையில்லை, இல்லையா?

மேட்சுக்கு மட்டும் போட்டால் போதாது என்பதையும் கவனியுங்கள். பாரதி ஸ்டேடியத்தில் வருஷத்துக்கு ஒருமுறை ஆடும் டோர்னமென்ட்டைவிட, தினமும் உங்கள் வட்டத்து மைதானத்தில் ஆடும் நேரம்தான் அதிகம். அடிபட வாய்ப்பும் அங்கேதான் அதிகம்.

மூன்று ரகம்... உங்களுக்கு எது?

ரெடிமேட் ரகம்: ஸ்போர்ட்ஸ் கடையில் தொங்கும். ஒரே அளவு, அப்படியே மாட்ட வேண்டியதுதான். விலை குறைவு. ஆனால் பொருந்தாது, விழாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டே இருக்கணும். பேச முடியாது, மூச்சு முட்டும். இரண்டாவது நாள் பைக்குள் போய்விடும். போடாத கார்டு எவ்வளவு மலிவாக இருந்தாலும் தண்டச் செலவுதான்.

வெந்நீரில் போட்டுக் கடிக்கும் ரகம்: ‘பாய்ல் அண்ட் பைட்’ என்ற பெயரில் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். சூடான தண்ணீரில் போட்டு இளகியதும், பல்லில் வைத்துக் கடித்து, நம் பல்லின் அச்சுக்குக் கொண்டுவர வேண்டும். முதல்முறை வாங்குகிறவர்களுக்கு இது சுமாரான தேர்வு. அட்டையில் போட்டிருக்கும் நேரத்தை அப்படியே பின்பற்றுங்கள். கூடுதல் நேரம் தண்ணீரில் கிடந்தால் உருக்குலைந்துவிடும். இளகியதும் தண்ணீர் சொட்டாமல் உதறி, வாய் சுடாத அளவுக்கு ஆறியதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாய்க்குள் வைக்கணும். கடித்தபடியே வெளியிலிருந்து விரலால் கன்னத்தை அழுத்துங்கள், உள்ளிருந்து நாக்கால் மேலே தள்ளுங்கள். ரொம்ப வேகமாகக் கடித்தால் நடுப்பகுதி மெலிந்துபோகும்; அப்புறம் அது இருந்தும் பலனில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு என்றால், இதைப் பெரியவர்கள்தான் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டும்.

அளவெடுத்துச் செய்யும் ரகம்: பல் மருத்துவர் உங்கள் பல்லை அச்செடுத்து, லேபில் செய்து தருவார். ஈ.வி.ஏ என்ற மிருதுவான பிளாஸ்டிக் தகடுகளை அடுக்கி அழுத்திச் செய்வார்கள். முன்பல் பக்கம் சுமார் 3 மி.மீ தடிமன் இருப்பது நல்லது என்பது பொதுவான கணக்கு. சில ஆயிரம் ரூபாய் ஆகலாம். ஆனால் பேசலாம், மூச்சு வாங்கலாம், கழன்று விழாது. மாவட்ட அளவில், மாநில அளவில் ஆடுகிறவர்கள் யோசிக்காமல் இதற்குப் போகலாம்.

எந்த ரகமாக இருந்தாலும் வீட்டிலேயே ஒரு டெஸ்ட் வைத்துப் பாருங்கள். கார்டை மாட்டிக்கொண்டு வாயை நன்றாகத் திறங்கள். விழாமல் நிற்கணும். உங்கள் பெயரையும் வீட்டு முகவரியையும் சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவருக்குப் புரியணும். நாலு படி ஏறி இறங்குங்கள். மூச்சு முட்டக் கூடாது. குமட்டினால் பின்பக்கம் நீளம் அதிகம் என்று அர்த்தம்.

பல்லுக்கு க்ளிப் போட்டிருக்கிறீர்களா? அடி விழுந்தால் அந்தக் கம்பியே உதட்டைக் கிழித்துவிடும் என்பதால், உங்களுக்கு கார்டு மற்றவர்களைவிட அவசியம். ஆனால், சாதாரண வெந்நீர் ரகம் கம்பியில் போய்ச் சிக்கிக்கொள்ளும். பல் நகர்வதையும் தடுக்கும். க்ளிப் போட்ட டாக்டரிடமே அதற்கான ரகத்தைக் கேளுங்கள். வளரும் பிள்ளைகளுக்குப் பல் முளைக்க முளைக்க, விழ விழ அளவு மாறும். செருப்பு மாதிரிதான், சின்னதாகிவிட்டால் மாற்றித்தான் ஆகணும்.

தூக்கத்தில் பல் கடிப்பது ஏன்?

‘பல்லைக் கடிச்சுக்கிட்டு சமாளிச்சேன்’ என்று சொல்வது நம் வழக்கம். நெஜமாவே அப்படிக் கடிக்கிறவர்கள் நிறைய பேர். பல் மருத்துவத்தில் இதை ‘ப்ரக்ஸிசம்’ என்கிறார்கள். இதில் இரண்டு வகை. ஒன்று, தூக்கத்தில் நறநறவெனத் தேய்ப்பது. பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. இன்னொன்று, விழித்திருக்கும்போதே தெரியாமல் பல்லை இறுக்கிக்கொள்வது. நீட் கோச்சிங் மாக் டெஸ்ட், மொபைல் கேம் கடைசி ரவுண்டு, ஜிம்மில் வெயிட் தூக்கும் நொடி... இப்போது இதைப் படிக்கும்போதே ஒருமுறை கவனியுங்கள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருக்கிறதா?

தொடக் கூடாது. சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் தவிர, உதடு மூடியிருக்க, பற்களுக்கு நடுவே சின்ன இடைவெளி இருக்கணும். அதுதான் தாடைக்கு ஓய்வு நிலை.

தூக்கத்தில் கடிப்பதற்கு ஒரே காரணம் என்று எதையும் சொல்ல முடியாது. மன அழுத்தம், பதற்றம், புகை, மது, அதிகமான காபி, டீ, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில வகை மாத்திரைகள், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் ‘ஸ்லீப் ஆப்னியா’ ஆகியவற்றோடு இதற்குத் தொடர்பு உண்டு. (மாத்திரைதான் காரணமோ என்று தோன்றினால் நீங்களே நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள்.) சர்வதேச நிபுணர்கள் சேர்ந்து 2018-ல் வெளியிட்ட கருத்தின்படி, மற்றபடி ஆரோக்கியமாக இருப்பவருக்கு இது நோயே அல்ல, தசையின் ஒரு செயல்பாடு. அது பல்லையோ தூக்கத்தையோ கெடுக்கும்போதுதான் கவனிக்க வேண்டிய விஷயமாகிறது.

ஷிஃப்ட் வேலைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? நெய்வேலியில் கேட்க வேண்டிய கேள்விதான். ஃபின்லாந்தில் ஒளிபரப்பு நிறுவன ஊழியர்களிடம் நடத்தி 2008-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்ன பதில் சுவாரஸ்யமானது. மாறி மாறி வரும் ஷிஃப்ட் மட்டுமே பல் கடிப்பைக் கூட்டவில்லை. தன் ஷிஃப்ட் அட்டவணை பிடிக்காமல் வேலை செய்வதுதான் பல் கடிப்போடும் தூக்கப் பிரச்னையோடும் தொடர்புடையதாக இருந்தது. ‘இந்த வாரமும் நைட்டா!’ என்று நொந்துகொண்டே போகிறவரின் தாடைதான் அதிகம் உழைக்கிறது போல.

‘புள்ள பல்லைக் கடிக்குது, வயித்துல பூச்சி இருக்கும்’ என்று பாட்டி சொல்வார். பூச்சிதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பூச்சி மாத்திரை தர வேண்டிய காலத்தில் தரலாம். அது வேறு விஷயம். சிறு பிள்ளைகள் தூக்கத்தில் பல் கடிப்பது சகஜம். பெரும்பாலும் வளர வளரத் தானாக நின்றுவிடும். பல் தேய்வதோ, வலியோ, குறட்டையோ தெரிந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

இந்த அறிகுறிகள் உங்களுக்கு உண்டா?

* தூங்கி எழுந்ததும் தாடை களைத்துப்போய், இறுக்கமாக இருப்பது
* நெற்றிப்பொட்டில் மந்தமான தலைவலி. காதில் ஒன்றும் இல்லாமலேயே காது வலி
* பல்லின் நுனி தட்டையாவது, ஓரத்தில் சில்லு சில்லாகப் பெயர்வது
* குளிர்ந்த தண்ணீர் குடித்தால் பல வரிசைக்கும் சேர்த்துக் கூச்சம்
* கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைக் கோடு, நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தடம்
* அடைத்த பல் திரும்பத் திரும்ப உடைவது

இரண்டு மூன்று ஒத்துப்போனால் பல் மருத்துவரைப் பாருங்கள். பக்கத்தில் படுத்திருப்பவர் சொல்வதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தூக்கத்தில் நடப்பதற்கு அவர்தானே சாட்சி!

நைட் கார்டு... பகலிலும் போடணும்!

தூக்கத்துக்கான கார்டு வேறு, விளையாட்டுக்கான கார்டு வேறு. கிரவுண்ட் கார்டு தடிமனாக, மிருதுவாக இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு தூங்கினால், சூயிங்கம் கிடைத்த மாதிரி சிலர் இன்னும் அதிகமாகக் கடிப்பார்கள். தூக்கத்துக்குப் பெரும்பாலும் கடினமான அக்ரிலிக் கார்டோ, உள்ளே மிருதுவாக, வெளியே கடினமாக இருக்கும் கார்டோ தருவார்கள். மேல்வரிசைக்கா, கீழ்வரிசைக்கா, எவ்வளவு தடிமன் என்பதையெல்லாம் உங்கள் கடியைப் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்வார்.

முன்பல்லை மட்டும் மூடும் குட்டி கார்டுகளை ஆன்லைனில் பார்த்து ஆர்டர் போட்டுவிடாதீர்கள். கண்காணிப்பு இல்லாமல் மாதக்கணக்கில் போட்டால், மூடாத பற்கள் இடம் நகர்ந்து கடியே மாறிப்போகும் ஆபத்து உண்டு.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுவோம். நைட் கார்டு பல் கடிக்கும் பழக்கத்தை நிறுத்தும் மருந்து அல்ல. 2007-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும், பழக்கத்தைக் குணப்படுத்த இது உதவும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. பல் தேய்வதைத் தடுக்க உதவலாம் என்றுதான் சொன்னது. அதாவது, நீங்கள் கடிப்பீர்கள். ஆனால் தேய்வது கார்டாக இருக்கும், பல்லாக இருக்காது. தேய்ந்த கார்டை மாற்றிக்கொள்ளலாம்.

‘நைட்’ என்று பெயர் இருப்பதால் ராத்திரிதான் போடணும்னு இல்லை. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து காலையில் படுத்தால், காலையில் போடுங்கள். காலையில் கொஞ்சம், மதியம் கொஞ்சம் என்று இரண்டு தவணையாகத் தூங்கினால், இரண்டு முறையும் போடுங்கள். பல்லுக்கு மணி தெரியாது.

பெரிய குறட்டையும், பகலில் தாங்க முடியாத தூக்கமும் இருந்தால், கார்டு செய்வதற்கு முன்பே அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஸ்லீப் ஆப்னியா உள்ள சிலருக்குச் சாதாரண கார்டு மூச்சுத் திணறலைக் கூட்டலாம். அவர்களுக்கு வேறு வழிகள் உண்டு.

கார்டோடு இதையும் செய்யுங்கள்...

* காபி, டீயில் உள்ள காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். காலை எட்டு மணிக்குப் படுக்கப்போகிறவர், நடுராத்திரிக்குப் பின் ஃபிளாஸ்க்கைத் தள்ளி வைப்பது நல்லது.
* தூக்கத்தை விரட்ட எனர்ஜி டிரிங்க் குடிப்பவர்களுக்கு இரட்டை அடி. காஃபின் கடிக்க வைக்கும், அமிலம் எனாமலை இளக்கும். இளகிய எனாமல் சீக்கிரம் தேயும். குடித்ததும் உடனே பிரஷ் பண்ணாமல் வாயைக் கொப்பளியுங்கள்.
* பகல் தூக்கத்துக்கு ஜன்னலுக்குக் கனமான திரை, சைலன்ட்டில் போன். வீட்டில் இருப்பவர்களின் ஒத்துழைப்பும் முக்கியம்.
* போனில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ‘பல் தொடுதா?’ என்று ஒரு ரிமைண்டர் வையுங்கள். பார்த்ததும் தோளைத் தளர்த்தி, நாக்கை மேலண்ணத்தில் மெதுவாக வைத்து, தாடையை இளக்குங்கள். விழித்திருக்கும்போது கடிப்பவர்களுக்கு இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

பல் விழுந்துவிட்டால்... அந்த முதல் நிமிடங்கள்

கார்டு இல்லாத நாளில் அடி விழலாம். நெய்வேலி, மந்தாரக்குப்பம், வடலூர் வட்டாரத்தில் ஆடுகிற எல்லோரும், முக்கியமாக கோச்சுகளும் பி.டி. வாத்தியார்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது இது. சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால், பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முழுதாக விழுந்த நிரந்தரப் பல்லுக்கு அந்த ஒரு மணி நேரம் வாழ்வா சாவா பிரச்னை. வேரின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தசைநார் செல்கள், காற்றில் காயக் காயச் செத்துவிடும். அதனால், சிகிச்சையின் முதல் பாதி கிரவுண்டிலேயே நடக்கணும்.

1. மயக்கம், வாந்தி, தலையில் பலத்த அடி, தாடையை அசைக்க முடியாமை இருந்தால் பல்லை அப்புறம் பார்க்கலாம். 108-க்கு அழைத்து முதலில் மருத்துவமனை.
2. பல்லைத் தேடி எடுங்கள். வெள்ளைத் தலைப்பகுதியைப் பிடியுங்கள். வேரைத் தொடவே கூடாது.
3. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ, சலைனிலோ, இல்லையென்றால் குழாய்த் தண்ணீரிலோ சில நொடிகள் மட்டும் அலசுங்கள். தேய்க்காதீர்கள், சோப்பு போடாதீர்கள், துணியால் துடைக்காதீர்கள்.
4. நிரந்தரப் பல்தான் என்று தெரிந்தால், பக்கத்துப் பல்லைப் பார்த்து, முன்பக்கம் முன்னால் வரும்படி அதே குழிக்குள் மெதுவாக அழுத்தி வையுங்கள். சுத்தமான கைக்குட்டையைக் கடித்தபடி கிளம்புங்கள்.
5. வைக்கப் பயமாக இருந்தால், டம்ளரில் பால் ஊற்றி அதில் போடுங்கள். பக்கத்து டீக்கடையில் காய்ச்சாத குளிர்ந்த பால் கிடைக்கும். சூடான பால் வேண்டாம். பால் இல்லையென்றால், அடிபட்டவரின் எச்சிலையே ஒரு டம்ளரில் துப்பச் சொல்லி அதில் போடலாம். இளநீர் பற்றியும் ஆய்வுகள் வந்திருக்கின்றன. முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. கையில் பால் இருக்கும்போது பாலே போதும். பல்லைக் காய விடுவதுதான் எல்லாவற்றையும்விட மோசம்.
6. பக்கத்தில் எந்தப் பல் மருத்துவர் இருக்கிறாரோ, போன் பண்ணிச் சொல்லிவிட்டு நேராக அங்கே போங்கள். நிலையான இடத்தில் பல்லைக் கட்டி வைப்பது முதல் வேலை. பெரிய சிகிச்சைக்குப் பின்னால் சிதம்பரமோ, புதுச்சேரியோ போகலாம். டி.டி. ஊசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்பதையும் கேட்பார்கள்.

பால்பல் விழுந்தால் திரும்ப வைக்கக் கூடாது. கீழே முளைக்கும் நிரந்தரப் பல்லை அது கெடுத்துவிடும். பால்பல்லா, நிரந்தரப் பல்லா என்று சந்தேகம் வந்தால், பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். பல் பாதி உடைந்திருந்தால் உடைந்த துண்டையும் பாலில் போட்டு எடுத்துப்போங்கள். பல நேரம் அதையே திரும்ப ஒட்டிவிட முடியும்.

டீமுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி வைத்திருப்பீர்கள். அதில் ஒரு மூடியுள்ள சுத்தமான டப்பா, சலைன் பாட்டில் ஒன்று, பக்கத்துப் பல் மருத்துவரின் போன் நம்பர் மூன்றையும் சேர்த்துவிடுங்கள்.

பராமரிப்பு... இரண்டு நிமிஷ வேலை

* கழற்றியதும் குளிர்ந்த தண்ணீரில் கழுவி, மிருதுவான பிரஷால் தேயுங்கள். வெந்நீர் வேண்டாம், வடிவம் போய்விடும்.
* காற்றோட்டமுள்ள டப்பாவில் காயவைத்து மூடுங்கள். டிஷ்யூ பேப்பரில் சுற்றி வைத்தால், குப்பையோடு போய்விடும்.
* நம்ம ஊர் மே மாத வெயிலில், பைக் டேங்க் கவரிலோ கார் டாஷ்போர்டிலோ வைத்தால், சாயங்காலம் அது வேறு யாருடைய பல்லுக்கோ அளவாக இருக்கும்.
* அடுத்தவர் கார்டை ‘ஒரு மேட்சுக்கு மட்டும்’ என்று கடன் வாங்காதீர்கள்.
* கிழிசல், ஓட்டை, தளர்வு தெரிந்தால் மாற்றுங்கள். பல் செக்கப்புக்குப் போகும்போது கார்டையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

எங்கே செய்வது?

என்.எல்.சி ஊழியர் குடும்பம் என்றால், டவுன்ஷிப் மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள். மற்றவர்களுக்கு உள்ளூர்ப் பல் கிளினிக்குகளில் அச்செடுத்து, லேபுக்கு அனுப்பிச் செய்து தருவார்கள். சிதம்பரம் அரசு பல் மருத்துவக் கல்லூரி, புதுச்சேரியில் உள்ள மகாத்மா காந்தி முதுநிலை பல் மருத்துவ நிறுவனம் ஆகியவையும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. போகும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: ‘இது விளையாட்டுக்கா, தூக்கத்துக்கா?’, ‘எத்தனை நாளில் திரும்ப வந்து காட்டணும்?’, ‘சொத்தையோ ஈறு வீக்கமோ இருந்தா அதை முதல்ல சரிபண்ணணுமா?’ கடைசிக் கேள்விக்குப் பதில் அநேகமாக ‘ஆமாம்’ என்றுதான் வரும். ஓட்டை விழுந்த சுவரின் மேல் யாரும் பெயின்ட் அடிப்பதில்லை, இல்லையா?

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சொல் மட்டுமா? கறி கடிக்கும் சுகம், கூச்சமில்லாமல் சிரிக்கும் தைரியம் எல்லாம் சேர்ந்து போகும். அடுத்த வாரம் டீமுக்கு ஜெர்ஸி வாங்கப் போகிறீர்களா? முதுகில் பேர் அடிக்கும் செலவை ஒரு சீசன் தள்ளிப்போட்டு, ஆளுக்கொரு மவுத் கார்டு வாங்குங்கள். பேரைக் கூப்பிட்டுப் பாராட்டும்போது பல் தெரிய சிரிக்கலாம்!